உதைக்காதீர்கள்... முதலில் மூடியைத் திறங்கள்!

பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நிறுத்தித் துடைத்து, சும்மா ஸ்டார்ட் செய்து பார்த்தால் சமர்த்துப் பிள்ளையாக ஓடும். 'அட, பரவாயில்லையே!' என்று மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முகூர்த்தத்துக்குக் கிளம்பினால்... சரியாக மேம்பாலத்தின் உச்சியில், பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, 'டுர்ர்ர்... டுப்... டுப்... உஸ்ஸ்!'

அப்புறம் நடப்பது எல்லா ஊருக்கும் பொது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைக்க வேண்டியது. பத்து உதை, இருபது உதை... அதற்குள் நாலு நிபுணர்கள் கூடிவிடுவார்கள்.

"சோக்கைப் போட்டு உதைங்க சார்!"

"ஐயையோ, சோக்கைப் போடாதீங்க சார், ஓவர்ஃப்ளோ ஆயிடும்!"

"பிளக்கைக் கழட்டித் துடைச்சீங்களா?"

"ஒரு தடவை சாய்ச்சு நிமிர்த்துங்க. எங்க மாமா ஸ்கூட்டர் அப்படித்தான் கிளம்பும்."

பின்சீட்டிலிருந்து இறங்கி நிற்பவர் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். சொல்லாமலேயே உங்களுக்குக் கேட்கும்: 'ஆட்டோவுலயே போயிருக்கலாம்!'

பத்து நிமிஷம் கழித்து அரை உதையில் வண்டி கிளம்பிவிடும். எந்த நிபுணர் சொன்னது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஐந்தாவது கிலோமீட்டரில் மறுபடி 'உஸ்ஸ்!'

நிற்க. (வண்டிதான் நின்றுவிட்டதே, நாமும் நிற்போம்.) கொஞ்ச தூரம் ஓடுகிறது... நிற்கிறது... சும்மா இருந்தால் மறுபடி ஓடுகிறது. வண்டிக்கு 'மூடு' சரியில்லை என்று அர்த்தமில்லை. அதற்குத் தாகம்! பெட்ரோல் டேங்க் நிறைய இருக்கிறது; இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. வீராணம் நிரம்பியிருக்க, தெருக் குழாயில் காற்று வருகிற கதைதான்.

இந்தத் தாகத்தைப் புரிந்துகொள்ளாமல், பிளக் மாற்றி, காயில் மாற்றி, கடைசியில் கார்ப்பரேட்டரையே புதுசாக வாங்கிப் போட்டு, அப்புறமும் வண்டி அதே மேம்பாலத்தில் நிற்கிற பரிதாபம் நிறைய வீடுகளில் உண்டு. காசு போவதாவது பரவாயில்லை. லாரியை ஓவர்டேக் செய்கிற நேரத்தில் வண்டி மூச்சை நிறுத்தினால்? அதைவிட மோசமும் உண்டு. டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும். அலுமினிய பிஸ்டன் இரும்பு சிலிண்டரைவிட வேகமாக விரியும். விளைவு – 'ஜாம்'! பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிற ஜாவா, யெஸ்டி வகை வண்டிகளில் இன்னும் ஆபத்து. பெட்ரோல் வரவில்லையென்றால் ஆயிலும் வரவில்லை என்று அர்த்தம்!

ஆகவே, இது வெறும் 'ஸ்டார்ட்டிங் டிரபிள்' சமாசாரமில்லை.

பம்ப் கிடையாது... பூமிதான் இழுக்கிறது

சென்னை திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டோ, மைசூரில் பிறந்த யெஸ்டியோ, 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-ஆகவோ, ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100, ஸ்ப்ளெண்டர்களோ... இந்தப் பழைய வண்டிகளுக்கெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. பெட்ரோலைத் தள்ளுவதற்கு பம்ப் கிடையாது. டேங்க் மேலே இருக்கிறது, கார்ப்பரேட்டர் கீழே இருக்கிறது; பூமி இழுக்கிறது, பெட்ரோல் இறங்குகிறது. அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பிறகு புது மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கார்ப்பரேட்டர் போய், எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அவற்றில் கோளாறு என்றால் விளக்கு எரியும்; மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிப் படித்துவிடுவார். உங்கள் பழைய வண்டியில் விளக்கும் கிடையாது, செருக இடமும் கிடையாது. ஆனால் ஒரு பெரிய சௌகரியம் – எல்லாமே கண்ணுக்குத் தெரியும். மூடி, டேங்க், டேப், டியூப், கார்ப்பரேட்டர். இந்த ஐந்து ஸ்டேஷன்கள்தான் பாதை. பெட்ரோல் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் மாட்டாமல் போகாது.

நாம் செய்கிற தப்பு என்னவென்றால், கடைசி ஸ்டேஷனான கார்ப்பரேட்டரை முதலில் பிரித்துப் போடுவது. தெருவில் பைப் உடைந்திருக்க, வீட்டுக் குழாயைக் கழற்றி மாற்றுகிற மாதிரி!

தேவையான ஆயுதங்கள்: ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அளவு கோடு போட்ட ஒரு பழைய மருந்து பாட்டில், ஒரு கைக்கடிகாரம். அப்புறம் கொஞ்சம் பொறுமை. (கடைசி ஐட்டம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்காது.)

பெட்ரோலா, கரண்ட்டா?

முதல் கேள்வி இதுதான். சூடானால் படுத்துக்கொள்கிற இக்னிஷன் காயிலும் இதே நாடகத்தை ஆடும். ஓடும், நிற்கும், ஆறினால் கிளம்பும். இரண்டையும் பிரித்துச் சொல்ல பிளக்தான் சாட்சி.

வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்துவிட்டு, கை சுடாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அத்தனை உதை உதைத்தும் பிளக் காய்ந்து கிடக்கிறதா? பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதா? பெட்ரோல் வந்துவிட்டது; ஒன்று கரண்ட் வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வந்து மூழ்கடித்துவிட்டது.

பிளக் நுனியின் நிறமும் ஜாதகம் சொல்லும். பிஸ்கட் நிறம் – சௌக்கியம். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு – பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அடுப்புக் கரி மாதிரி கறுப்பு – பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு.

இரண்டாவது சாட்சி, கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கிற கிண்ணம். பல கார்ப்பரேட்டர்களில் அதன் அடியில் ஒரு வடிகால் திருகு உண்டு. வண்டி நின்ற அந்த நிமிஷமே, இன்ஜின் சூட்டில் சிந்தாமல் கவனமாக, அதைத் தளர்த்தி பாட்டிலில் பிடியுங்கள். தாராளமாக வந்தால் அதுவரைக்கும் பாதை சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோனால் திருடன் மேலே இருக்கிறான். கார்ப்பரேட்டரைத் தொடாதீர்கள். மேலே போவோம்.

எண்ணெய் டின் ரகசியம்

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? 'களக்... களக்...' என்று அடம் பிடிக்கும். நம் வீட்டுப் பெண்மணிகள் எந்த இன்ஜினீயரிங் காலேஜுக்கும் போகாமலே எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவார்கள். எண்ணெய் ஜம்மென்று இறங்கும். எண்ணெய் வெளியே போனால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும்.

உங்கள் பெட்ரோல் டேங்க்குக்கும் அந்த இரண்டாவது ஓட்டை உண்டு. மூடியில் இருக்கும் மிகச்சிறிய துளை. அதில் தூசி அடைத்தால் போச்சு! டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை மேலே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ஜாண் உயரப் பெட்ரோல் கொடுக்கிற அழுத்தம் எவ்வளவு தெரியுமா? காற்றழுத்தத்தில் சுமார் ஒன்றரை சதவீதம்தான்! உள்ளே அத்தனூண்டு வெற்றிடம் உண்டானாலே போதும், பெட்ரோல் இறங்காது.

வண்டியை நிறுத்தி வைத்தால் மூடி இடுக்கு வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகிறது, கிண்ணம் நிரம்புகிறது, அரை உதையில் கிளம்புகிறது. நிபுணர்கள் யாருக்கும் இதில் பங்கில்லை!

சோதனை சுலபம். வண்டி 'டுப் டுப்' என்று இழுக்கத் தொடங்கியதும் ஓரம் கட்டி மூடியைத் திறங்கள். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, அடுத்த நிமிஷமே வண்டி ஒழுங்காகக் கிளம்பினால் தீர்ப்பு எழுதியாயிற்று. (வெயிலில் நின்ற டேங்க் ஆவியை வெளியே தள்ளியும் 'புஸ்' என்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல், திறந்தபின் வண்டி ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.)

இன்னொரு துப்பும் உண்டு. "ஃபுல் டேங்க் போட்ட அன்னிக்குத்தான் சார் நிக்குது" என்று சிலர் புலம்புவார்கள். பங்க்காரர் மேல் சந்தேகப்படுவார்கள். பாவம் அவர்! டேங்க் நிரம்பியிருக்கும்போது மேலே காற்றுக்கான இடம் கொஞ்சம்தான். அதனால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதுமே வெற்றிடம் வலுத்துவிடுகிறது. பாதி டேங்க்கில் அவ்வளவு சீக்கிரம் வலுக்காது. ஆகவே, நிறைந்தால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் மூடி. குறைந்தால் நிற்கிறது என்றால் டேப்.

துளையை அடைப்பவர்களில் முக்கியமான குற்றவாளி நாமேதான்! அழகுக்குப் போட்ட ரெக்ஸின் டேங்க் கவர், பளபளப்புக்குத் தேய்த்த பாலிஷ், மழைக்குப் பயந்து மூடிக்கு அடியில் வைத்த பாலிதீன் காகிதம், பழைய மூடி தொலைந்ததும் துளையே இல்லாமல் வாங்கி மாட்டிய புது மூடி.

டேப்பும் ஒரு சின்னக் கணக்கும்

அடுத்த ஸ்டேஷன், டேங்க்குக்கு அடியில் இருக்கும் டேப். உள்ளே இரண்டு வழி இருக்கும். 'ஆன்' என்றால், டேங்க்குக்குள் சற்று உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகப் பெட்ரோல் வரும். மட்டம் அந்தக் குழாய்க்குக் கீழே இறங்கினால் வரத்து நின்றுவிடும். 'ரிசர்வ்' போட்டால் அடிமட்டத் துளை திறக்கும். ரிசர்வ் என்பது தனி டேங்க் இல்லை. அதே டேங்க்கின் அடி வண்டல்தான். துருவும் தண்ணீரும் குப்பையும் குடியிருப்பது அங்கேதான். வருஷக்கணக்கில் ரிசர்வே போடாத ஒருவர், அவசரத்துக்கு ஒருநாள் திருப்பினால், சேர்ந்த கசடு மொத்தமும் கார்ப்பரேட்டருக்குக் கிரகப்பிரவேசம் செய்யும்.

ரிசர்வும் தீர்ந்தால் வண்டியை இடதுபக்கம் சாய்ப்பார்களே, அதில் விஷயம் இருக்கிறது. நிறைய வண்டிகளில் டேங்க் ஒரு சேணம் மாதிரி நடுக்குழாயின் இருபுறமும் தொங்குகிறது. டேப் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. சாய்த்தால் எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் மேடு தாண்டி டேப் பக்கம் வரும். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிடலாம். டேங்க் நிறைய இருக்கும்போது சாய்ப்பது பக்திக் கணக்கில் சேரும்.

டேப் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "டியூபைப் பிடுங்கிப் பார்த்தேன் சார், பெட்ரோல் வருது" என்பார்கள். வருவது முக்கியமில்லை, எவ்வளவு வருகிறது என்பதுதான் முக்கியம்.

கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும். நிமிஷத்துக்கு 25 மில்லி. லிட்டருக்கு 30 கொடுக்கிற வண்டி என்றால் சுமார் 33 மில்லி. இது சராசரிப் பசி. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினால் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஆகவே நிமிஷத்துக்கு 100 மில்லிக்குக் குறையாமல் வந்தால்தான் நிம்மதி. சொட்டுச் சொட்டாக வருவதெல்லாம் உதவாது. 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. 25 மில்லிக்கு 500 சொட்டு வேண்டும்!

கார்ப்பரேட்டர் பக்கத்து முனையில் டியூபைக் கழற்றி, மருந்து பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள். மூடி மூடியே இருக்கட்டும். ஒரு நிமிஷத்தோடு விட்டுவிடாமல் மூன்று நிமிஷம் பிடியுங்கள். முதல் நிமிஷத்தில் எல்லா டேப்பும் நல்ல டேப்தான்! மூன்றாவது நிமிஷத்தில் ஓட்டம் மெலிந்தால் மூடியைத் திறங்கள். உடனே பழையபடி பாய்ந்தால் குற்றவாளி மூடி. திறந்தும் மெலிந்தே வந்தால் டேப்பின் சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது டியூப். டியூபையும் எடுத்துவிட்டு டேப்பிலிருந்தே நேராகப் பிடித்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

டியூபில் மடிப்பு, உள்பக்கம் உரிந்த ரப்பர், மேலே ஏறி இறங்கும் தேவையில்லாத வளைவு... இவையெல்லாம் பாருங்கள். 'நல்லது' என்று நடுவில் மாட்டிய பிளாஸ்டிக் ஃபில்டரே வில்லனாகும் கேஸும் உண்டு. பம்ப் இல்லாத பாதையில், பம்ப் வைத்த வண்டிக்கான ஃபில்டரை மாட்டினால் பெட்ரோல் அதைத் தாண்ட முக்கி முனகும்.

பால் வால்வும் ஃப்ளிட்டும்

மேலே எல்லாம் சுத்தம் என்று நிரூபணமான பிறகுதான் கார்ப்பரேட்டர் மேல் கை வைக்கவேண்டும். இந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த இரண்டே சாமான்கள்தான்.

ஒன்று, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்குமே, பால் வால்வு – அது. கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் மிதவை மேலே எழும்பி, ஊசியால் வழியை அடைக்கும். இறங்கினால் திறக்கும். இரண்டு, கொசுவுக்கு அடித்த பழைய ஃப்ளிட் பம்ப். குழாய் வாயின் மேல் காற்று வேகமாகப் போனால் கீழேயிருந்து மருந்து உறிஞ்சப்பட்டுத் தூவானமாகப் பறக்கும் அல்லவா? இன்ஜின் இழுக்கிற காற்று, ஜெட் வழியாகப் பெட்ரோலை அதே மாதிரி உறிஞ்சித் தூவுகிறது. வேகமான காற்றில் அழுத்தம் குறையும் என்ற இந்தச் சூத்திரத்தை டேனியல் பெர்னூலி 1738-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார்.

மிதவை கெட்டால் என்ன ஆகும்? ஊசி திறந்தபடியே மாட்டிக்கொண்டால், தொட்டி நிரம்பி மொட்டைமாடி முழுக்கத் தண்ணீர் ஓடுகிற மாதிரி, ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகும். கிண்ணத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சில சமயம் ஊசியில் சிக்கிய தூசி விலகிவிடும். அடிக்கடி ஒழுகினால் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கும், மாற்றவேண்டியதுதான். அலட்சியம் வேண்டாம். ராத்திரி முழுக்க டேப்பை மூடாமல் விட்டால், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலை ரசமாக்கிவிடும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். ஊசி மூடியபடி மாட்டிக்கொண்டாலோ, டியூப் வரை பெட்ரோல் பாயும்; கிண்ணம் மட்டும் காலி.

ஜெட் அடைப்பைக் கண்டுபிடிக்க ஓர் அழகான உபாயம் உண்டு. ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலியான ரோட்டில் ஓட்டி, எந்தக் கோட்டில் தகராறு என்று கவனியுங்கள்.

ஐடிலில் நிற்கமாட்டேன் என்கிறது, சோக் போட்டால்தான் ஓடுகிறது, கொஞ்சம் திருகினால் சரியாகிவிடுகிறது என்றால் – ஸ்லோ ஜெட். கால் முதல் முக்கால் வரை தகராறு – நடுவில் ஏறி இறங்குகிற நீடில். முக்காலுக்கு மேல்தான் முக்குகிறது – மெயின் ஜெட். அல்லது பெட்ரோல் வரத்தே போதவில்லை (மறுபடி டேப் கணக்கு). ஐடில் தானாக ஏறி ஏறி இறங்குகிறது என்றால், கார்ப்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற ரப்பரில் வெடிப்பு விட்டுக் காற்றுத் திருட்டு நடக்கலாம்.

ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் போட்டால் வண்டி தெளிகிறதா? பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமாகிறதா? பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஒரு பைசா செலவில்லாத பரிசோதனை!

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. அடைத்தால் ஊசி, கம்பி என்று விட்டுக் குடையக் கூடாது. ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க மைலேஜ் அம்பேல். மிதவையைக் கழற்றி வைத்துவிட்டு, கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்துச் சுத்தம் செய்வதுதான் முறை. ஏர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் அது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். இல்லையென்றால் திரும்பிவர வழி தெரியாது.

தண்ணீரும் பழைய பெட்ரோலும்

சில சமயம் பாதை சுத்தமாக இருக்கும்; வருவதுதான் பெட்ரோலாக இருக்காது! மழையில் நின்ற வண்டியின் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய் உட்கார்ந்து முதல் ஆளாக டேப்புக்கு வரும். கிண்ணத்திலிருந்து வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஐந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலமோ முத்து முத்தாகவோ நின்றால் தண்ணீர்தான்.

மாதக்கணக்கில் நிற்கிற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். மீதி பிசினாகி ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த வாடை வரும். 2020 ஊரடங்குக்குப் பிறகு உதைத்து உதைத்துக் கால் வீங்கியவர்களுக்கு இந்த வாடை நன்றாக ஞாபகமிருக்கும்.

இப்போது இன்னொரு விருந்தாளியும் சேர்ந்திருக்கிறார் – எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, படிப்படியாக நாடெங்கும் பரவியது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் கூட்டணி போட்டுப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் படியும். அந்தக் காலத்து ரப்பர் டியூப்பும் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், உப்பும், வெடிக்கும். தவிர, எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவு ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலியும். புது வண்டியில் கம்ப்யூட்டர் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பழைய வண்டியில் நீங்கள்தான் கம்ப்யூட்டர். எனவே, எத்தனாலுக்குத் தாங்குகிற டியூபாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறதென்றால் டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். டேங்க்கைப் பாதி காலியாக வைக்காதீர்கள். காலியிடத்தில்தான் துரு பிடிக்கும்.

உயிர் முக்கியம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய், எங்கோ எரிகிற அடுப்பையோ விளக்கையோ தேடிப் பிடிக்கும். இந்த வேலைகளையெல்லாம் வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, கையில் சிகரெட் இல்லாமல் செய்யவேண்டும். ரோட்டில் நின்றால் மூடியைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் பிளக்கை வெளியே வைத்து 'ஸ்பார்க் வருதா?' என்று உதைத்துப் பார்ப்பது, தீபாவளியை முன்கூட்டியே கொண்டாடுவது. டேங்க்குக்குள் எவ்வளவு இருக்கிறதென்று தீக்குச்சி கொளுத்திப் பார்த்தவர் எவ்வளவு இருந்தது என்று சொல்லத் திரும்பி வரமாட்டார்!

வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்காதீர்கள்; ஒரு வாய் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். வடித்த பெட்ரோலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

இவ்வளவையும் நாமே செய்யவேண்டுமா? வேண்டாம். கழற்றத் தெரியாதவர்கள் கவனிக்கத் தெரிந்தால் போதும். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எல்லா டெஸ்ட்டும் எழுதிக் கொடுப்பார். மெக்கானிக்கும் அப்படித்தான்.

"தம்பி, வண்டி மக்கர் பண்ணுது."

"விட்டுட்டுப் போங்க சார். கார்ப்பரேட்டர், பிளக், காயில் எல்லாம் பார்த்துடறேன்."

இப்படிப் பேசினால் சாயங்காலம் பில் வரும். அதே பேச்சை இப்படிப் பேசிப் பாருங்கள்:

"தம்பி, ஃபுல் டேங்க் போட்டா அஞ்சாவது கிலோமீட்டர்ல நிக்குது. பிளக் காஞ்சிருக்கு. கிண்ணத்துல பெட்ரோல் இல்லை. டியூபைப் பிடுங்கி அளந்தேன். முதல் நிமிஷம் நூறு மில்லி வந்துது, மூணாவது நிமிஷம் இருபதுதான். மூடியைத் திறந்தா மறுபடி நூறு."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். மூடியைக் கழற்றி, துளையில் ஒரு குண்டூசியை விட்டு, ஊதி, மறுபடி மாட்டிவிட்டு உங்களை மேலும் கீழும் பார்ப்பார். குண்டூசிக்கு இந்த வண்டியில் வேலை உண்டென்றால் அது ஜெட்டில் இல்லை, இந்தத் துளையில்தான்!

"எவ்வளவு தம்பி ஆச்சு?"

"இதுக்கு என்னத்த சார் வாங்கறது... ஒரு டீ சொல்லுங்க. ஆமா, சார் எந்த ஒர்க் ஷாப்ல இருந்தீங்க?"